பதினைந்து புள்ளி நான்கு

ஏப்ரல் நடுவில் வோரு ஊர் மைதானத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் பனி மிச்சமிருக்கும். நீளம் தாண்டும் மணல்குழிக்குப் பின்னால், ஊசியிலை மரங்களின் நிழல் விழும் மூலை அது. ஊர்மோ பலுசார் என்பவன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அந்த மூலையை எட்டிப் பார்ப்பான். பனி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கியதும் உள்ளரங்கப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஸ்பைக் ஷூவை வெளியே எடுத்துவிடுவான். பதினாறு வருடமாக இதுதான் அவனுடைய நாள்காட்டி.

வயது முப்பத்திரண்டு. மின்வாரியத்தில் லைன்மேன். காட்டுக்குள் போகும் மின்கம்பிகளில் மரம் விழுந்தால் வெட்டி அகற்றுவதும், சாய்ந்த கம்பத்தை நிமிர்த்துவதும் வேலை. மீதி நேரமெல்லாம் பத்துப்போட்டி. இரண்டே நாளில் ஓட்டம், தாண்டல், எறிதல் என்று பத்து. ஒவ்வொன்றிலும் செய்ததைப் புத்தகத்தில் பார்த்துப் புள்ளியாக மாற்றிக் கூட்ட வேண்டும். எங்கள் எஸ்தோனியாவில் அந்தப் புள்ளிப் புத்தகம் பாதி வீடுகளில் சமையல் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். உயரம் தாண்டுதலில் ஒரு மீட்டர் எண்பத்தைந்து என்று யாராவது சொன்னால், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் 'அறுநூற்று எழுபது' என்பாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் தன்னைப் பத்துப்போட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஏழாயிரம் புள்ளி வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லைதான். ஆனால் மைதானத்தின் கருவி அறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. மாவட்டத்தில் ஏழாயிரம் தொட்டவர்களின் பெயர்கள் அதில் எண்ணெய்ச் சாயத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பதினொரு பெயர்கள். ஊர்மோவின் சிறந்த கணக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. அதைச் செய்து ஆறு வருடம் ஆகிவிட்டது. தடைக்கட்டைகளை எடுக்க அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் பலகைக்கு நேராகத்தான் அவன் நிற்க வேண்டியிருந்தது. கட்டைகள் அங்கேதான் அடுக்கியிருந்தன.

இந்த வருடம் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. ஜூன் முதல் திங்கட்கிழமை அவன் பின்லாந்துக்குக் கிளம்புகிறான். அங்கே வடக்கில் புதிய மின்பாதை போடுகிறார்கள். இரண்டு வருட வேலை. பன்னிரண்டு மணி நேர முறை, சனிக்கிழமையும் உண்டு. திரும்பி வரும்போது முப்பத்து நான்கு ஆகியிருக்கும். இரண்டு வருடம் தாண்டுகோலைத் தொடாத தோள் மறுபடி அதைத் தூக்காது என்பது அவனுக்குத் தெரியும். ஆக, மே கடைசி வாரம் சொந்த ஊரில் நடக்கும் பருவத்தின் முதல் போட்டிதான் அவனுக்குக் கடைசிப் போட்டியும். பத்தொன்பது புள்ளி வேண்டும். எடுத்துவிடுவேன் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. எடுத்துவிடுவான் என்றே நடந்துகொண்டான்.

பருவத்தின் முதல் வெளிப் பயிற்சிகள் அழகாக இருக்காது. குண்டு இரும்பு, ஏப்ரலில் அது கழுத்தில் பட்டால் பல் கூசும். எறிவதற்கு முன் அதைக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துச் சூடேற்றிக்கொள்வான். வட்டு போன வருடத்துக் காய்ந்த புல்லுக்குள் வழுக்கிப் போய் ஒளிந்துகொள்ளும். எறிய ஒரு நிமிடம், தேட ஐந்து நிமிடம். கோலூன்றித் தாண்டுவதில் உள்ளரங்கத்தில் அடையாளம் போட்டு வைத்த ஓட்டத்தூரம் வெளியே பொய்யாகிவிடும். மைதானத்தை ஒட்டி ஏரி. அங்கிருந்து எதிர்க்காற்று வந்தால் பதினாறாவது அடி கோல் ஊன்றும் பெட்டிக்கு முன்னாலேயே விழும். அவன் தொடக்க அடையாளத்தை ஒரு பாதம் முன்னால் நகர்த்துவான், ஓடிப் பார்ப்பான், அரைப் பாதம் பின்னால் வைப்பான், மறுபடி ஓடுவான். எட்டு முறை ஓடி ஒரு முறைகூடத் தாண்டாமல் வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. அவற்றை வீண் என்று அவன் நினைத்ததில்லை.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் மட்டும் வேறு விஷயம். பத்தாவதாக, இரண்டாம் நாள் சாயங்காலம், கால்கள் மரக்கட்டையாகிவிட்ட பிறகு வரும் ஓட்டம் அது. பத்துப்போட்டிக்காரர்கள் யாருக்கும் அதைப் பிடிக்காது. ஊர்மோவுக்குப் பயமும் உண்டு. போன வருடம் புள்ளி தேவைப்பட்டபோது முதல் சுற்றை அறுபத்தெட்டு நொடியில் ஓடி, கடைசிச் சுற்றைக் கிட்டத்தட்ட நடந்து முடித்தான். இந்த வசந்தத்தில் அதற்காகத் தனியாக உழைத்தான். அவன் வேலை செய்யும் மின்பாதை காட்டை நேர்க்கோட்டில் வகிர்ந்து போகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதன் கீழே ஓடுவான்: ஆறு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. கூட வேலை செய்யும் வெல்லோ வண்டியில் உட்கார்ந்து கருப்பு ரொட்டியும் மீனும் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருப்பான்.

"கம்பம் எங்கயும் ஓடிடாதுடா, நடந்தே போ," என்பான் வெல்லோ.

மனைவி ஏனெலி சந்தைத் தெரு மருந்துக்கடையில் மருந்தாளர். ஒன்பது வருடத்துக்கு முன் கணுக்காலுக்கு ஒட்டுப்பட்டை வாங்கப் போனபோதுதான் அவளை முதலில் பார்த்தான். தாண்டுகிற காலா மற்ற காலா என்று கேட்டாள். தாண்டுகிற கால் என்றான். அப்படியென்றால் இந்த வாரம் ஒன்று எண்பத்தெட்டைத் தாண்ட முடியாதே என்று சொல்லிவிட்டு அகலமான பட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் சிறந்த உயரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் பெயர் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வருடம் கல்யாணம்.

அன்றிலிருந்து கூட்டுவது அவள் வேலை. போட்டி நடக்கும்போது ஊர்மோ புள்ளியைக் கேட்கமாட்டான், நினைக்கமாட்டான். பத்தாவது ஓட்டத்துக்கு முன் மட்டும் வேலியருகே வந்து எவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும் என்று கேட்பான். அவள் சொல்லும் எண்ணை வாங்கிக்கொண்டு போவான். ஏனெலியின் கணக்கு என்றால் மருந்துக்கடைத் தராசு மாதிரி என்று ஊரில் பேச்சு. வேலியோரம் நிற்கும் கிழவர்கள் தாங்களும் கூட்டுவார்கள். கூட்டிவிட்டு அவள் தாளைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

மே மாதப் போட்டியின் முதல் நாள் நன்றாகவே போனது. நூறு மீட்டரில் பதினொன்று ஐம்பத்திரண்டு. நீளத்தில் மூன்றாம் முறை ஆறு நாற்பத்தெட்டு. குண்டு பதிமூன்று மீட்டரைத் தாண்டி விழுந்தது. உயரத்தில் ஒன்று எண்பத்தைந்து. நானூறு மீட்டரில் கடைசி வளைவில் எதிர்க்காற்று அடித்தும் ஐம்பத்தொன்று அறுபது. அன்று மாலை அவன் சவுனா நீராவி அறையில் கொஞ்ச நேரம் மட்டும் உட்கார்ந்தான். அதிகம் உட்கார்ந்தால் கால் தளர்ந்துவிடும். ஏனெலி கூட்டிய தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது நல்ல அடையாளம். கணக்கு மோசமாக இருந்தால்தான் அவள் சிரிக்கப் பார்ப்பாள்.

இரண்டாம் நாள் காலை ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. தடை ஓட்டத்துக்கு எல்லோரும் உடம்பைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி பாதிச் சொல்லில் நின்றது. செயலர் அறையில் கணினி அணைந்தது. முடிவுக்கோட்டில் நேரம் எடுக்கும் கேமராவின் சிவப்பு விளக்கும் போய்விட்டது. எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறது.

கூடப் போட்டியிடும் ஹெய்ட்டி தடைக்கட்டை மேல் காலைத் தூக்கி வைத்து நீட்டிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது, தபால்காரன்; ஊர்மோவோடு ஐந்து வருடமாகப் பயிற்சி செய்கிறவன். ஏழாயிரம் அவனுக்குப் பழைய கதை. பலகையில் பதினோராவது பெயர் அவனுடையது.

"அண்ணே, நீங்க ஒரு நாள் லீவு போட்டதுக்கே ஊரு இருட்டாயிடுச்சு," என்றான். "பின்லாந்துக்குப் போயிட்டா நாங்க மெழுகுவத்தியிலதான் காலம் தள்ளணும்."

அதற்குள் ஏனெலியின் பைக்குள்ளிருந்த ஊர்மோவின் கைபேசி அடித்தது. வெல்லோ. லீவு என்று தெரியும், ஒரே ஒரு கேள்வி என்றான். எங்கே தேடுவது என்று கேட்டான். ஊர்மோ கொஞ்சம் யோசித்து, இடுகாட்டுக்குப் பின்னால் நாற்பத்து மூன்றாம் கம்பத்தருகே சாய்ந்து நிற்கும் பிர்ச் மரத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னான். மார்ச்சிலேயே அதை வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அரை மணி கழித்து வெல்லோ மறுபடி கூப்பிட்டான். அதே மரம்தான், வேரோடு விழுந்து இரண்டு கம்பத்தைச் சாய்த்திருக்கிறது, சாயங்காலம்வரை மின்சாரம் வராது.

போட்டியை நிறுத்த முடியாது. நேரம் எடுப்பவர்களின் தலைவி மைமு, பள்ளிக்கூடத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவர். அலமாரியைத் திறந்து பழைய ஸ்டாப் வாட்சுகளை எடுத்தார். ஒவ்வொரு ஓட்டக்காரனுக்கும் மூன்று பேர், மூன்று கடிகாரம். நடுவில் வரும் நேரமே கணக்கு. அறிவிப்பாளர் கைக்கு வாயில் வைத்துப் பேசும் ஒரு கூம்புக்குழாய் வந்தது.

ஊர்மோ தடை ஓட்டத்தில் ஒரு கட்டையையும் தொடவில்லை. எட்டாவதில் பின்கால் உரசியதுபோல் இருந்தது, கட்டை அசையவில்லை. குழாய் வழியாக வந்த குரல் சொன்னது: பலுசார், பதினைந்து புள்ளி நான்கு. வேலியோரம் பென்சில்கள் அசைந்தன.

வட்டு நாற்பது மீட்டர் பத்து. கோலூன்றித் தாண்டுவதில்தான் ஒரு சமயம் எல்லாம் போய்விடும்போல் இருந்தது. மூன்று தொண்ணூறில் தொடங்கினான். இரண்டு முறை காற்று அவனைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டது. மூன்றாவதும் போனால் அந்தப் போட்டிக்குச் சுழி. சுழியோடு ஏழாயிரம் கிடையாது. அவனுக்குக் கொடுத்த ஒரு நிமிடத்தில் நாற்பது நொடிகள் அசையாமல் நின்றான். கண் முழுக்க, காற்றைப் பார்க்கக் கம்பத்து உச்சியில் கட்டியிருந்த துணித்துண்டின் மேல். துணி தொங்கிய கணம் ஓடினான். குறுக்குக்கம்பிக்கு அரை மீட்டர் மேலே போய் இறங்கினான். அதற்குப் பிறகு காற்று அவனை ஒன்றும் செய்யவில்லை. நான்கு மீட்டர் முப்பது வரைக்கும் போனான். ஈட்டி சரியாக ஐம்பத்திரண்டு மீட்டரில் குத்தி நின்றது.

பத்தாவதுக்கு அரை மணி இருந்தபோது மழை தூற ஆரம்பித்தது. ஊர்மோ ஒரு தயிர்க்கட்டி மிட்டாயைத் தின்றுகொண்டே வேலியருகே வந்தான். ஏனெலி மழைக்கோட்டின் தலைமூடிக்குள் புள்ளிப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ?"

"நாலு முப்பத்தெட்டு புள்ளி எட்டு," என்றாள். "அதுக்கு மேல ஒரு துளி கூடாது. சுத்துக்கு எழுபத்திநாலு ஓடு. முதல்லயே பாயாத."

அவன் வாழ்நாளில் சிறந்த ஓட்டம் நான்கு முப்பத்தாறு புள்ளி இரண்டு. அதைவிட இரண்டரை நொடி கையில் இருக்கிறது. அவன் தலையை ஆட்டினான். மிட்டாய்த் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தான். பல வருடத்தில் முதல் தடவையாக ஆயிரத்து ஐந்நூறை நினைத்தபோது பயம் வரவில்லை. சுற்றுக்கு எழுபத்து நான்கு அவன் காலுக்குத் தெரிந்த வேகம்.

போட்டியாளர்கள் பதினான்கு பேரும் எதிர்ப்பக்க நேர்வழியின் தொடக்கத்தில் போய் நின்றார்கள். அங்கேதான் அந்த ஓட்டம் தொடங்கும். மைதானத்தின் மறுபக்கத்தில் அறிவிப்பாளர் குழாயில் ஒன்பது போட்டிகளுக்கான கணக்கைப் படிக்க ஆரம்பித்திருந்தார். காற்று அதை வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. ஓட்டக்காரர்களுக்கு ஒரு சொல்லும் விழவில்லை. ஹெய்ட்டி ஊர்மோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். துப்பாக்கி வெடித்தது.

வேலியோரம் அந்த மூன்று நிமிடத்தில் நடந்ததை ஊர்மோ பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டான். அறிவிப்பாளர், 'மூன்றாவது இடம், பலுசார், ஆறாயிரத்து இருநூற்று எண்பத்து நான்கு' என்றிருக்கிறார். ஏனெலியின் தாளில் ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அவள் பக்கத்தில் நின்றவர் எண்டெல், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், நாற்பது வருடமாக ஒரு போட்டியையும் தவறவிடாதவர். தன் தாளிலும் முந்நூற்றுப் பன்னிரண்டுதான், செயலர் அறைக்காரி இருட்டில் தப்பாகக் கூட்டிவிட்டாள் என்றார். வேலியில் சாய்ந்திருந்த இன்னும் நாலைந்து பேர் தங்கள் தாளைக் காட்டி ஆமோதித்தார்கள். எல்லாம் முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ஏனெலியைப் பார்த்துத் திருத்தியவை.

ஏனெலி அவர்களைக் கவனிக்கவில்லை. வித்தியாசம் இருபத்தெட்டு. கூட்டல் பிழை என்றால் பத்தாகவோ நூறாகவோ இருக்கும். இருபத்தெட்டு என்பது ஏதோ ஒரு வரியில் மொத்தமாகத் தவறியது. விரலை வைத்துத் தாளில் மேலிருந்து கீழே வந்தாள். தடை ஓட்டத்தில் விரல் நின்றது. அவள் கையெழுத்தில் இருந்தது: 15.40.

குழாயில் சொன்னது பதினைந்து புள்ளி நான்கு. அவ்வளவுதான். கேமரா எடுத்தால் நொடியில் நூறில் ஒரு பங்குவரை வரும்; கைக் கடிகாரம் பத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். துப்பாக்கிப் புகையைப் பார்த்துக் கட்டைவிரல் அழுத்துவதற்குள் கால் நொடி கழிந்துவிடுவதால், கைநேரம் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். அதனால் புத்தகத்தின் பின்பகுதியில் குறுகிய ஓட்டங்களின் கைநேரத்துக்குத் தனிப் பட்டியல், அதில் குறைந்த புள்ளிகள். இரண்டு வருடமாக எல்லாப் போட்டியிலும் கேமரா. எழுதுகிற பழக்கத்தில் அவள் கை நான்குக்குப் பின்னால் தானாக ஒரு சுழியைப் போட்டது. அந்தச் சுழி அவளைத் தவறான பக்கத்துக்குக் கொண்டுபோனது. எண்ணூற்று இரண்டு என்று எழுதியிருந்தாள். எழுநூற்று எழுபத்து நான்கு என்றிருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் ஒரு சுழி கூடினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் புத்தகத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கான பக்கத்தைப் பிரித்தாள். வேண்டியது நான்கு முப்பத்து நான்கு புள்ளி நான்கு. தலையைத் தூக்கியபோது ஓட்டக்காரர்கள் அவளைத் தாண்டி எழுநூறு மீட்டரை முடித்திருந்தார்கள். ஊர்மோ அவள் சொன்னபடியே ஓடிக்கொண்டிருந்தான், இரண்டு ஒன்பது புள்ளி ஐந்து. அழகான ஓட்டம், ஆனால் போதாது.

காற்று அவளுக்கு எதிராக இருந்தது. அங்கிருந்து கத்தினால் குரல் அவனிடம் போய்ச் சேராது. வேலிக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்தாள். மைமு ஏதோ சொன்னார், அவள் நிற்கவில்லை. ஈட்டி விழுந்து குத்திய ஓட்டைகள் நிறைந்த ஈரப்புல்லைக் குறுக்கே கடந்து, ரப்பர் செருப்போடு மறுபக்கம் ஓடினாள்.

ஊர்மோவுக்கு அப்போது எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மூச்சு பிடியில் இருந்தது. பத்து மீட்டர் முன்னால் ஹெய்ட்டியின் முதுகு. எதிர்ப்பக்க நேர்வழியில் காற்று நெற்றியில் அடித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு அடிகளை எண்ணினான். அப்போது பச்சை மழைக்கோட்டு ஒன்று புல்வெளியில் வருவதைப் பார்த்தான். இந்த நேரத்தில் மைதானத்துக்குள் எந்த முட்டாள் ஓடுகிறான் என்று நினைத்தான். நேர்வழியின் முடிவில் அந்தக் கோட்டு ஓடுதளத்தின் ஓரத்துக்கு வந்து நின்றது. ஏனெலி.

"முப்பத்திநாலு!" அவள் குரல் உடைந்தது. "ஊர்மோ, முப்பத்தெட்டு இல்ல. முப்பத்திநாலு புள்ளி நாலு. தப்பு என்னோடது. ஓடு."

அவன் அவளைத் தாண்டிப் போனான். ஏன் என்று கேட்க மூச்சு இல்லை, கேட்கவும் தோன்றவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் சொன்ன எண் எதையும் அவன் சரிபார்த்ததில்லை. முப்பத்து நான்கு என்றால் முப்பத்து நான்கு. இன்னும் அறுநூறு மீட்டர். இருந்ததில் நாலரை நொடி குறைந்துவிட்டது; இரண்டரை நொடி மிச்சம் வைத்திருந்தவன் இப்போது இரண்டு நொடி கடன்பட்டவன். வாழ்நாளில் ஓடாத வேகத்தில் பத்தாவது போட்டியை முடிக்க வேண்டும். விசித்திரம் என்னவென்றால், முடியும் என்றே அவனுக்குத் தோன்றியது. இந்த இடத்தில் வழக்கமாக அவன் செத்துக்கொண்டிருப்பான். இன்று கால் இன்னும் அவன் சொல்வதைக் கேட்டது.

வளைவில் அடியை நீட்டினான். ஹெய்ட்டிக்கும் அந்தக் குரல் கேட்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. ஊர்மோ நெருங்கிப் பின்னால் வந்ததும் வலது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுவந்து விரலால் ஒரு முறை அழைத்தான். பின்னாலயே வா என்று அர்த்தம்.

மணி அடித்தது. மைமுவின் ஆட்களில் ஒருவர் எண்ணிச் சொன்னார், மூன்று இருபத்திரண்டு. கடைசிச் சுற்றுக்கு எழுபத்திரண்டு நொடிகளும் சில்லறையும். முதல் வளைவில் தோள் இறுக ஆரம்பித்தது. எதிர்ப்பக்க நேர்வழியில் ஹெய்ட்டி காற்று வரும் பக்கத்துக்கு அரையடி நகர்ந்து ஓடினான்; அவன் முதுகுக்குப் பின்னால் காற்று பாதியாகக் குறைந்தது. தபால் மூட்டை சுமந்து அகன்ற முதுகு. அந்த நூறு மீட்டரில் ஊர்மோ வேறு எதையும் பார்க்கவில்லை.

கடைசி வளைவில் ஹெய்ட்டி வாயைத் திறந்தான்.

"இனிமே உங்க பாடுண்ணே."

ஊர்மோ வெளிப்பக்கமாக வந்து அவனைத் தாண்டினான். தொடை எரிந்தது, வாயில் இரும்பு ருசி வந்தது. நேர்வழியில் காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளியது. ஆனால் தள்ளியதைத் தாங்கக் காலில் ஒன்றும் இல்லை, முழங்கால்கள் தங்களுக்குத் தோன்றியபடி விழுந்தன. வேலியோரம் யாரும் கத்தவில்லை. எல்லோரும் கடிகாரம் வைத்திருந்த மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நெஞ்சை முன்னே தள்ளிக் கோட்டைக் கடந்தான். நாலு அடி போய் ஓடுதளத்தின் ஈரத்திலேயே மல்லாந்து படுத்தான்.

வானம் சாம்பல் நிறத்தில் வேகமாக நகர்ந்தது. பக்கத்தில் ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். யாரோ அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தானும் விழுந்தான். ஏனெலி வந்து நின்றாள். ஒரு காலில் ரப்பர் செருப்பு இல்லை. ஈட்டிக்களத்துச் சேற்றில் எங்கேயோ விட்டிருக்கிறாள்.

"கையால எடுத்த நேரம்," என்றாள். "நான் கேமராப் பட்டியலப் பாத்துட்டேன்."

"நீ முதல்லயே சரியாச் சொல்லியிருந்தா," ஊர்மோ மூச்சு வாங்கினான், "அறுபத்தெட்டுல கெளம்பி நடுவுலயே விழுந்திருப்பேன்."

"அதெல்லாம் ஒரு சமாதானமா? தப்பு தப்புதான்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. மைமுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கடிகாரக்காரர்களும் ஒரு குடைக்குக் கீழே தலையைச் சேர்த்து நின்றார்கள். மைமு ஒவ்வொரு கடிகாரத்தையும் தானே வாங்கி, தூரத்தில் பிடித்து, பிறகு பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். ஒரு தாளில் எழுதினார். எதையும் அவசரமாகச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. பரீட்சைத் தாள் திருத்தும்போதும் அப்படித்தான்.

பிறகு அவரே அறிவிப்பாளரிடமிருந்து குழாயை வாங்கினார்.

"பலுசார். மூணு கடிகாரம். நாலு முப்பத்திநாலு புள்ளி மூணு. நாலு முப்பத்திநாலு புள்ளி ஆறு. நாலு முப்பத்திநாலு புள்ளி மூணு. நடு நேரம், நாலு முப்பத்திநாலு புள்ளி மூணு."

வேலியோரம் பக்கங்கள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ஏனெலியும் புத்தகத்தைப் பிரித்தாள். இந்தத் தடவை தலைப்பைப் படித்தாள், பத்தியைப் படித்தாள், விரலை வரியில் வைத்து இரண்டு முறை ஓட்டினாள். எழுநூற்றுப் பதினேழு. பழைய தாளைக் கசக்கிவிட்டு, புதிய தாளில் பத்து எண்களையும் முதலிலிருந்து எழுதினாள். கூட்டினாள், கீழிருந்து மேலாக மறுபடி கூட்டினாள். செயலர் அறையிலிருந்து அந்தப் பெண் பென்சில் எழுத்துள்ள தாளோடு வெளியே வரும்வரை காத்திருந்தாள். ஊர்மோ படுத்தபடி அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை.

அறிவிப்பாளர் தாளைப் படித்தார். முதலிடம் ஹெய்ட்டி. இரண்டாவது தார்த்து நகரத்துக்காரன் ஒருவன். மூன்றாவது, ஊர்மோ பலுசார், ஏழாயிரத்து ஒன்று.

அப்போதுதான் ஏனெலி தன் தாளை மடித்தாள். எண்டெல் தொப்பியைக் கழற்றி, செயலர் அறைக்காரி காலையிலிருந்தே சரியாகத்தான் கூட்டியிருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஒத்துக்கொண்டார். கிழவர்கள் புத்தகங்களை மூடிக் கோட்டுப் பைக்குள் வைத்தார்கள்.

ஹெய்ட்டி ஊர்மோவின் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் ஒத்துழைக்கவில்லை.

"ஏழாயிரம் போதும்ல," என்றான். "அந்த ஒரு புள்ளி வீணாப் போச்சேண்ணே."

"வீணில்லடா. பின்லாந்துக்கு எடுத்துட்டுப் போறேன்."

மழை வலுத்தது. மின்சாரம் இன்னும் வரவில்லை. ஊர்மோ எழுந்து, இரண்டு தரம் தடுமாறி, ஈட்டிக்களத்துப் பக்கம் நடந்தான். ஏனெலியின் செருப்பைத் தேட வேண்டும்.